போல்டோவின் முழு ஆட்டம்

லியோபோல்டோ மனலாஸ்டாஸ் ஒரு சந்தேகப் பிராணி. யாராவது தெருவில் நின்று சிரித்தால், இவனுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டேதான் பதிலுக்குச் சிரிப்பார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னால், எதையோ மறைக்கிறார் என்று இன்னொரு டாக்டரிடம் போவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பிழைப்பு அப்படி. தன் உண்மையான ஆட்டத்தை யாருக்கும் காட்டாமல் பில்லியர்ட்ஸ் ஆடிச் சம்பாதிப்பவர் அவர். இருபத்தைந்து வருடமாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருப்பவருக்கு, ஊரே தன்னை ஏமாற்றுகிறது என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்?

இருபத்திரண்டு வயதில் பிலிப்பைன்ஸின் ஓலோங்காப்போ துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியறையில், ஒரு மத்தியானம் மனம் விட்டு ஆடினார். எதிரே நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கோலை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டி பீர் வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் போனபோது அவரோடு ஆட ஓர் ஆள் இல்லை. பாம்பாங்காவில் எந்த பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் நுழைந்தாலும், ஓலோங்காப்போக்காரன் வந்துவிட்டான் என்று கோலை உறையில் போட்டுவிட்டார்கள். கைதட்டலை அடுப்பில் ஏற்றிச் சோறு வடிக்க முடியாது என்று அப்போது புரிந்தது. பெயரை மாற்றிக்கொண்டு தூரத்து ஊர்களுக்குப் போக ஆரம்பித்தார். இசபெலாவில் அவர் சோள வியாபாரி. பிகோலில் லீவில் வந்த கப்பல் சமையல்காரர். போன இடத்தில் தட்டுத்தடுமாறி ஆடுவார். பார்க்கிற எதிராளி இரக்கப்பட்டு, ஒன்பதாம் பந்து வேண்டாம், நீ எட்டாம் பந்தைப் போட்டாலே ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று தானே சலுகை தருவான். அந்தச் சலுகையோடு, மூச்சு வாங்கி, நெற்றியைத் துடைத்து, ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்தில் தப்பித்த முகத்தோடு ஜெயித்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் கம்பி நீட்டிவிடுவார்.

தவறவிடுவதில்தான் அவருடைய வித்தை எல்லாம் இருந்தது. கண்டபடி அடித்துப் பந்தைத் தவறவிட எவனாலும் முடியும், விவரம் தெரிந்தவன் கையோடு பிடித்துவிடுவான். போல்டோ அடித்த பந்து குழியின் வாய்வரை போகும். இந்தப் பக்கம் ஒரு முட்டு, அந்தப் பக்கம் ஒரு முட்டு, இதோ விழப்போகிறேன் என்று ஓர் ஆட்டம், பிறகு அங்கேயே நின்றுவிடும். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். உச்சுக் கொட்டுகிறவன் சந்தேகப்பட மாட்டான்.

தார்லாக்கில் ஒரு கூடத்தில் பந்து அடுக்கிப் புள்ளி போட்டுக்கொண்டிருந்த லிகாயாவைக் கட்டிக்கொண்டார். அவள் ஆங்ஹெலெசில் ஜீப்னி என்கிற ஷேர் வண்டிகள் நிற்கிற இடத்தில் கஞ்சிக் கடை போட்டு, அவர் ஊர் ஊராகக் காணாமல் போன நாட்களிலெல்லாம் குடும்பத்தை நடத்தினாள். நாடுகளுக்கு நடுவே நடக்கிற போட்டிகளை டிவியில் காட்டும்போது, போல்டோ நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இவனெல்லாம் ஓர் ஆட்டக்காரனா, நான் என் முழு ஆட்டத்தை இறக்கினால் இவன் கோலை உடைத்து விறகாக்கிவிட்டுப் போவான் என்பார். லிகாயா அதை நம்பினாள். புருஷனுக்கு என்ன தொழில் என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிடுங்கும்போதெல்லாம், இவர்களுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வாள். இருபது வருடமாக அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்தச் சிரிப்புதான்.

இந்த வருடம் நாடுகளுக்கான பில்லியர்ட்ஸ் ஜோடிக் கோப்பை மணிலாவில் நடப்பதாக அறிவித்தார்கள். போட்டியை நடத்தும் நாடு இரண்டு ஜோடிகளை இறக்கலாம். முதல் ஜோடிக்கு ஊரறிந்த இரண்டு பேர். இரண்டாவது ஜோடிக்கு மேனேஜர் விசென்டே கூடம் கூடமாகப் போய், யாருடைய முழு ஆட்டத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்று விசாரித்தார். ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், அடையாளம் பொருந்தியது இரண்டே பேருக்குத்தான். அதில் ஒருவரைத் தேடிக் கஞ்சிக் கடைக்கு வந்து, இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, நாட்டுக்காக ஆடுவீர்களா என்று கேட்டார்.

போல்டோ கிண்ணங்களை எடுத்துப் போய்த் தொட்டியில் போட்டார். கேமரா முன்னால் ஆடினால் முகம் நாடு முழுக்கப் போகும். சோள வியாபாரியும் கப்பல் சமையல்காரரும் அன்றோடு செத்தார்கள். யாரோ நம் பிழைப்பில் மண் போடத்தான் இந்த ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, இடுப்பு வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

லிகாயா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இருபது வருஷமா ஊருக்கு ஒரு பேரு. உன் சொந்தப் பேரைச் சொல்லி ஒருத்தர் கைதட்டி நான் கேட்டதில்ல. ஒரே ஒரு தடவை ஆடிக் காட்டு. அதுக்கப்புறம் நீ எங்கயும் போகவேண்டாம். இந்தக் கடையிலயே உக்காரு, எனக்குச் சம்மதம்."

இதற்கு மேல் மறுக்க வழியில்லை. ஒத்துக்கொண்டார். ஆனால் மனுஷனுடைய மூளை சும்மா இருக்குமா? பாதி ஆட்டம் ஆடினாலே இரண்டு சுற்று தாண்டிவிடலாம், முகம் வெளியே போனாலும் ஆட்டம் வெளியே போகாது, தாடி வளர்த்துக்கொண்டால் தெற்கே மிந்தானாவோ பக்கம் இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பனியனை மடித்துப் பையில் வைத்தார்.

ஜோடி ஆட்டம் என்பது வேறு மாதிரி. ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு போய் ஒன்பதாம் பந்தைக் குழியில் தள்ளுகிறவர்களுக்கு அந்த ஆட்டம். ஏழு ஆட்டம் முதலில் எடுத்தவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிக்கல் என்னவென்றால், ஒருவர் ஒரு பந்தை அடித்தால் அடுத்த பந்தை அவர் கூட்டாளிதான் அடிக்க வேண்டும். தனியாக ஆடும்போது, கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தைத் தனக்குத் தோதான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இங்கே கூட்டாளிக்குத் தோதாக நிறுத்த வேண்டும், அவன் தனக்குத் தோதாக நிறுத்துவான் என்று நம்ப வேண்டும். தன் கோலைத் தொடக்கூட யாரையும் விடாத போல்டோவுக்குத்தான் இந்த ஆட்டம் வாய்த்தது.

கூட்டாளி பெர்னாபே கால்டோ, ககாயன் தே ஓரோக்காரன், போல்டோவைவிடப் பத்து வயது சின்னவன். விசென்டே விசாரித்ததில் அடையாளம் பொருந்திய இரண்டாவது ஆள் அவன். தெற்குத் தீவுகளில் இதே தொழிலை இதே மாதிரி செய்கிறவன். பணிவாகப் பேசுவான், சாப்பிடும் முன் அண்ணனுக்குத் தட்டு எடுத்து வைப்பான். அந்தப் பணிவுதான் போல்டோவை உறுத்தியது. பயிற்சியிலேயே கண்கொத்திப் பாம்பாக அவனைக் கவனித்தார். ஐந்து பந்து சுத்தமாகப் போடுவான், ஆறாவது குழியின் வாயில் நின்றுவிடும். வெள்ளைப் பந்தை நிறுத்த வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்துவான். போல்டோவுக்கு உள்ளுக்குள் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. இந்தச் சரக்கை யாரிடம் விற்கிறான் இவன்?

முதல் சுற்றில் எஸ்டோனியா. குவெசோன் நகரத்தில் ஒரு பெரிய மாலின் நடுக்கூடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். துணிப்பையும் குழந்தையுமாக ஷாப்பிங் வந்தவர்கள் மேல்மாடிக் கம்பிகளில் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள். ஏழுக்கு ஐந்து என்று ஜெயித்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் போல்டோ ஜெயித்த மனிதர் மாதிரி இல்லை. தான் பாதிதான் ஆடினோம் என்று அவருக்குத் தெரியும். இவனும் பாதிதான் ஆடினான் என்பதும் தெரிந்துபோயிற்று. தன் முழு ஆட்டத்தை ஒளித்துவைத்துக்கொண்டு, கிழவனைத் திறந்து காட்டவைத்து அம்பலப்படுத்தப் பார்க்கிறான். நாளைக்குத் தெற்கே போய் இவன் பிழைத்துக்கொள்வான், நான் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

மாலின் சாப்பாட்டுக் கடையில் கோழியும் சோறுமாக உட்கார்ந்திருந்தபோது நேராகவே கேட்டுவிட்டார்.

"தம்பி, நாலாம் பந்து ஏன் நின்னுச்சு?"

"நின்னுடுச்சுண்ணே."

"நானும் இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்."

பெர்னாபே எலும்பைத் தட்டில் வைத்தான். "என்கிட்ட இருக்கறதை எல்லாம் போட்டுத்தான் ஆடறேன். நீங்கதான் இன்னும் ஆரம்பிக்கல. அண்ணன் முழுசா இறங்கட்டும், இறங்கட்டும்னு நான்தான் காத்துக் கிடக்கேன்."

நல்ல பொய், நான் சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று போல்டோ நினைத்தார். பெர்னாபே தன் பிள்ளை மேல் சத்தியம் செய்தான். தனக்கு இல்லாத பிள்ளைகள் மேலேயே எத்தனையோ ஊரில் சத்தியம் செய்தவர் போல்டோ. தலையை ஆட்டிவைத்துவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

அன்றைக்கே இரண்டாம் சுற்றில் போலந்து. மீசை சரியாக முளைக்காத இரண்டு இளைஞர்கள், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே பந்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிறுத்தின இடத்திலிருந்து மற்றவன் யோசிக்காமல் அடித்தான். போல்டோ ஒவ்வொரு முறையும் பெர்னாபேயைச் சந்தேகப்பட்டே, ஓர் அடிக்குக் கொடுக்கிற முப்பது வினாடியில் பாதியைத் தொலைத்தார். நான்குக்கு ஆறு. இன்னும் ஓர் ஆட்டம் அவர்கள் எடுத்தால் முடிந்தது. விசென்டே இடைவேளை கேட்டார்.

போல்டோ தண்ணீர் குடித்துக்கொண்டே மேலே பார்த்தார். இரண்டாம் மாடிக் கம்பியருகே லிகாயா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. இன்னும் இவர் ஆடவே இல்லையே, எதற்குத் தட்டுகிறார்கள் என்பது போல நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருடைய கணக்கு, தாடி, மிந்தானாவோ எல்லாம் கலைந்துபோயிற்று. போகட்டும் என்று தீர்மானித்தார். பெர்னாபே ஒளிக்கட்டும், விசென்டே நாசமாய்ப் போகட்டும், இன்றைக்கு முழு ஆட்டத்தையும் இறக்கிவிடுவது.

இறக்கினார்.

என்ன நடக்கும் என்று அவர் எதிர்பார்த்தாரோ அது நடக்கவில்லை. கை லேசாகும், மேஜை சின்னதாகும், பந்துகள் தாமாகவே வழி சொல்லும் என்று நினைத்திருந்தார். ஓலோங்காப்போவில் அப்படித்தான் இருந்தது. இங்கே மேஜை அதே மேஜை, கை அதே கை. வெள்ளைப் பந்து ஒரு சாண் முன்னாலேயே நின்றது. அவர் நிற்கச் சொல்லவில்லை. முதலில் கோலின் நுனியைச் சந்தேகப்பட்டார். யாராவது தொட்டிருப்பார்களோ என்று விரலால் தடவிப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. துணியைத் தடவிப் பார்த்தார். ஏசிக் காற்றில் ஈரம் இறங்கிவிட்டதோ என்று பார்த்தார். போலந்துப் பையன்களுக்கு இதே துணியில் பந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. நடுவரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், எண்ணிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சந்தேகப்பட இன்னும் என்ன இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் வலது கையைப் பார்த்தார்.

இதற்கிடையில் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை போலந்துக்காரன் வெள்ளைப் பந்தையே குழியில் விட்டு, அந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டான். இன்னொரு தடவை பெர்னாபே மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓர் அடி அடித்து ஒன்பதைப் போட்டான். அவன் கை நடுங்கியதை போல்டோ பார்த்தார். ஒளிக்கிறவன் கை நடுங்காது. ஆறுக்கு ஆறு. மால் இரண்டாகப் பிளந்துவிடும் போலக் கத்தினார்கள்.

கடைசி ஆட்டத்தில் ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் மிஞ்சியிருந்தன. பெர்னாபே ஏழைப் போட்டுவிட்டு, வெள்ளைப் பந்தை எட்டுக்கு நேரே, அண்ணனுக்குத் தோதாக, அழகாக நிறுத்தினான். கஷ்டமான அடி இல்லை. அப்படியொன்றும் சுலபமும் இல்லை. போல்டோ குனிந்தார். வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக எந்தப் பந்தையும் அவர் அடித்ததில்லை. எட்டு நேராகக் குழியின் வாய்க்குப் போனது. இந்தப் பக்கம் ஒரு முட்டு, அந்தப் பக்கம் ஒரு முட்டு, ஓர் ஆட்டம். அங்கேயே நின்றுவிட்டது.

அப்புறம் மேல்மாடியிலிருந்து அவரைத் தெரிந்த யாரோ ஆங்ஹெலெஸ்காரன் கடகடவென்று சிரித்தான். "போல்டோ, இங்கயுமா?" என்று கத்தினான். அந்தச் சிரிப்பு மாடி மாடியாகப் பரவியது. போலந்துப் பையன்கள் எட்டையும் ஒன்பதையும் போட்டுவிட்டு வந்து மரியாதையாகக் கைகொடுத்தார்கள்.

விசென்டே அவரை லிஃப்ட் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய், தோற்றுக்கொடுக்க யாருடன் பேசினீர்கள், எப்போது பேசினீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விசாரித்தார். போல்டோ உள்ளதைச் சொன்னார், தவறிவிட்டது என்று. "உனக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விசென்டே திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மேஜையருகே பெர்னாபே கோலைத் திருகிக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டிருந்தான். நிமிராமலே பேசினான்.

"எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம் அண்ணே. என் வீட்டுல எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க."

நான் நிஜமாகத்தான் ஆடினேன் என்று போல்டோ அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்தார். பெர்னாபே தலையை ஆட்டினான். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் தானும் இப்படித்தான் ஆட்டினோம் என்று போல்டோவுக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. நல்ல பையன், உள்ளதையெல்லாம் கொட்டி ஆடியிருக்கிறான், அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோம் என்று நொந்துகொண்டார்.

போல்டோவும் லிகாயாவும் குபாவோவில் பஸ் ஏறினார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. லிகாயா அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, உரித்து உரித்து ஓரமாகச் சேர்த்தாள். ஒன்றையும் வாயில் போடவில்லை. நெடுஞ்சாலையில் வயல்கள் வந்த பிறகுதான் பேசினாள்.

"வேணும்னு விடறப்ப உன் வலது தோள் கொஞ்சம் முன்னாடியே இறங்கிடும். தார்லாக்ல புள்ளி போட்டுட்டிருந்தப்பவே பாத்திருக்கேன். இன்னைக்கு இறங்கல."

"எட்டு மட்டும் இல்ல லிகாயா. இடைவேளைக்கு அப்புறம் எல்லாத்தையும் முழுசாத்தான் ஆடினேன்."

"தெரியும்."

"அவ்வளவுதான் இருக்கு. வேற இல்ல."

அவள் ஆறுதலாகக் கையைப் பிடிக்கவில்லை. அராயாத் மலை தெரிகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது வருடம் அவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்த சிரிப்பை ஒரே மத்தியானத்தில் பிடுங்கிக்கொண்டோம் என்று போல்டோவுக்கு நன்றாகப் புரிந்தது. எப்போது போயிற்று அந்த முழு ஆட்டம்? இசபெலாவிலா, பிகோலிலா? ஒரு சாண் முன்னால் நிறுத்தி நிறுத்தியே கைக்கு அந்த ஒரு சாண்தான் நிஜம் என்று ஆகிவிட்டதா? அதைவிட மோசமான ஒரு சந்தேகம் தாவ் பஸ் நிலையம் வருவதற்குள் வந்துவிட்டது. ஓலோங்காப்போவில் அன்று எதிரே நின்றவர்கள் முழுசாகத்தான் ஆடினார்களா? ஒரு சின்னப் பையனைக் குஷிப்படுத்த வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருந்தால்? அவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேரைக் கேட்டாலும் நிஜத்தைச் சொல்வார்கள் என்று என்ன நிச்சயம்?

மறுநாள் காலையில் கஞ்சிக் கடையில் உட்கார இடமில்லை. வழக்கமாக வருகிற ஜீப்னி டிரைவர்களோடு, வராதவர்களும் வந்திருந்தார்கள். ஆளாளுக்குப் போல்டோவின் முதுகில் தட்டினார்கள். உலகத்துக்கே காதில் பூ சுற்றிவிட்டாராம், கேமராவுக்கு முன்னாலேயே டபாய்த்துவிட்டாராம். இல்லையப்பா, என் ஆட்டமே அவ்வளவுதான் என்று அவர் சொல்லச் சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் எமோங் என்கிற டிரைவர் கிண்ணத்தோடு எழுந்து லிகாயாவிடம் போனான்.

"அக்கா, அவரு வாயிலருந்து நிஜம் வராது. நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா நம்பறோம். வேணும்னுதானே விட்டாரு?"

தொட்டியருகே கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த போல்டோ கையை நிறுத்தினார். அவள் உள்ளதைச் சொன்னால் இவர்கள் நம்புவார்கள். போல்டோ வெறும் சாதாரண ஆட்டக்காரன் என்று ஒரு வாரத்தில் எல்லாக் கூடத்துக்கும் போய்விடும், சலுகை மறுபடி கிடைக்கும், பிழைப்பு ஓடும். பேர் மட்டும் போய்விடும். அவள் பொய்யைச் சொன்னால் இனி எந்த ஊரிலும் அவரோடு ஆட ஒருத்தன் இருக்க மாட்டான். எதைச் சொல்லப்போகிறாள் என்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லிகாயா பானையின் அடிவரை கரண்டியை விட்டுக் கிளறினாள்.

"முழுசா ஆடியிருந்தா அந்தப் பசங்க அழுதுட்டே பிளேன் ஏறியிருப்பாங்க. சின்னப் பசங்க, பாவம்னு விட்டுட்டாரு."

கடையே அதிர்ந்தது. எமோங் மேஜையைத் தட்டினான். யாரோ அவருடைய பெயரைச் சொல்லிக் கத்த, எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் அழுக்குக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து தொட்டியருகே வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். போல்டோ அடுத்த கிண்ணத்தை எடுத்தார். கண் நிறைந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்துதான் கழுவினார்.